மனையகத்து வளியும் அதன் மாசும்

மக்கள் உயிர்வாழ்தற்கு இன்றியமையாதன உணவும் நீரும் வளியும் என்பது சிறாரும் அறிந்ததே. இம்மூன்றனுள் உணவை நாம் நாள்தோறும் ஆராய்கின்றோம். அரிசியிற் கல்லுண்டோ என்று புடைக்கின்றோம், மீன் பழையதோ புதியதோ என்று செவுளைத் தூக்கிப் பார்க்கின்றோம். நீரைக் காய்ச்சுகின்றோம், வடிகட்டுகின்றோம். வளியை மட்டும் ஆராய்வார் இலர். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உள்ளிழுக்கும் வளி ஏறத்தாழப் பதினோராயிரம் லிட்டர் ஆகும். அதன் பெரும்பகுதியை அவர் வீட்டிற்குள்ளிருந்தே இழுக்கின்றார். தெருவிற் செல்லும் பேருந்தின் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாம், வீட்டிற்குள் வந்து கதவை அடைத்தபின் ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விடுகின்றோம். அப்பெருமூச்சு எத்தகைய வளியை உட்கொள்கின்றது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

தமிழ் பயிலும் உங்கட்கு இதில் என்ன வேலை என்று விஞ்ஞான வகுப்பு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். எம்மை இதற்குத் தூண்டியது ஒரு பழம்பாட்டே. குறுந்தொகையின் 167-ஆம் செய்யுளில் கூடலூர் கிழார் ஓர் இல்லறக் காட்சியைக் காட்டுகின்றார். புதிதாக மனையறம் பூண்ட தலைவி தன் கையாலேயே தயிர் பிசைந்து குழம்பு ஆக்குகின்றாள். தாளிக்கும் புகை அவள் கண்களை நிறைக்கின்றது. உண்ட கணவன் நன்றாயிருக்கின்றது என்ன, அவள் முகம் மெல்ல மலர்கின்றது. இதன் நயத்தை வகுப்பிற் பலகாலும் கேட்டு மகிழ்ந்துள்ளேம். ஆயினும் அப்புகை கண்ணோடு நின்றதா, நெஞ்சினுள்ளும் சென்றதா என்று எவரும் வினவ யாம் கேட்டிலேம். புலவர் அதனைக் கண்டு பாட்டில் வைத்தாரே, அதுவே பெரிது. அடுப்படியிற் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் தாய்மாரை நாம் இன்றும் காண்கின்றோம். புகையைப் பற்றி அவர்களும் ஒன்றும் சொல்வதில்லை, நாமும் ஒன்றும் கேட்பதில்லை.

இனி, புகையின் இயல்பைச் சிறிது நோக்குவோம். கண்ணுக்குப் புலனாகும் கரியும் சாம்பலும் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளிப்பட்டுவிடும். பெருந்தீங்கு செய்வது கண்ணிற்படாத நுண்துகள். 2.5 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான விட்டம் உடைய துகள்களையே அளவைக்குரியனவாக அறிஞர் கொண்டிருக்கின்றனர். 2.5 மைக்ரோன் என்பது தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு கூறு எனலாம். இவை நுரையீரலின் கடைசிச் சிற்றறை மட்டும் செல்வன. இவற்றுள் மிக நுண்ணியன குருதியிலும் கலப்பன. மூச்சிரைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரற் புற்று, குழந்தைகட்கு வரும் நிமோனியாச் சுரம் ஆகிய இவற்றோடு அடுப்புப் புகைக்குள்ள தொடர்பைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டகப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் மாண்டோர் 32 இலட்சம் பேர் என்றும், அவருள் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் 2,37,000-க்கு மேற்பட்டோர் என்றும் உலக சுகாதார நிறுவனத்தார் கணித்தனர். ஒரு பெரும்போரில் இத்துணைப் பேர் மாண்டால் செய்தித்தாள்கள் வேறொன்றும் எழுதா.

துகளேயன்றி வாயுக்களும் உள. அரைகுறையாய் எரியும் விறகும் கரியும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவைத் தரும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்மலை ஊர்களில் மூடிய அறையிற் கரி மூட்டிக் குளிர்காய்ந்து உறங்கியோர் விடியலில் எழாமற்போன செய்திகளை நாம் படித்திருக்கின்றோம். எரிவாயு அடுப்பின் நீலச் சுடரோ நைட்ரஜன் டை ஆக்சைடு என்னும் வேறொரு வாயுவைப் பிறப்பிப்பது. இழுப்பு நோயுடையார்க்கு அது பகை. புதிதாகச் செய்த ஒட்டுப்பலகை அலமாரியின் நெடியும் புதுச் சுவர்ச்சாயத்தின் நெடியும் இவ்வகையிற் சேர்வனவே. அவை சில திங்களிற் குறையும்.

வீட்டு வளியைச் சோதித்தற்குக் கருவி இல்லாத வழியையே முதற்கண் கூறுவோம். ஏனெனில் அதனை இன்றைக்கே செய்யலாம். அடுக்களைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஒட்டடை வெண்மையாயிருக்கின்றதா, கருமையாயிருக்கின்றதா? ஓட்டின் அடிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் என்ன வருகின்றது? வெளியூரினின்று வந்த விருந்தினரைத் தலைவாயிலில் நிறுத்தி, ‘உள்ளே என்ன மணக்கின்றது?’ என்று கேளுங்கள். வீட்டாருடைய மூக்கு தன் வீட்டு மணத்திற்குப் பழகிப்போனது, அதன் சாட்சி செல்லாது. பின்னர் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திச் சமையல் நேரத்தில் அடுக்களைச் சாளரத்தருகிற் பிடித்து, அதன் புகை எப்பக்கம் சாய்கின்றது என்று நோக்குக. வெளியே செல்லுமாயின் நன்று. உள்வாயிற் பக்கம் சாயுமாயின் நும் சமையற்புகை முழுதும் கூடத்திற்கும் படுக்கையறைக்கும் செல்கின்றது என்று அறிக. சோதனை முடிந்தவுடன் அவ்வத்தியை அணைத்துவிடல் வேண்டும். அதுவும் புகையே அன்றோ!

கருவியாற் சோதித்தல் இரண்டாவது. நுண்துகளை அளக்கும் சிறு கருவிகள் இப்பொழுது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. உள்ளே ஒரு சிறு விசிறி வளியை இழுக்கும்; ஒளிக்கற்றையொன்று அவ்வளியை ஊடுருவும்; துகள்களிற் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு கருவி அவற்றின் அளவைக் கணக்கிடும். ஒரு கன மீட்டர் வளியில் எத்தனை மைக்ரோகிராம் துகள் என்பதே அது காட்டும் எண். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வெண்ணை எதனோடு ஒப்பிடுவது? உலக சுகாதார நிறுவனத்தார் 2021-இல் வகுத்த அளவு, ஆண்டுச் சராசரி 5, ஒரு நாட் சராசரி 15. நம் நாட்டில் 2009-இல் வெளிப்புற வளிக்கு விதித்த அளவு, ஆண்டுக்கு 40, நாளுக்கு 60. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு பெரிதாயினும், விறகடுப்பு எரியும் அடுக்களையில் இரண்டு எல்லைகளும் ஒருங்கே பின்தங்கிப்போதலை எவரும் காணலாம்.

எம் நண்பர் ஒருவரிடம் இத்தகைய கருவியொன்று இருந்தது. அதனை இரவல் வாங்கி, விடுமுறை நாட்களில் உற்றார் வீடுகள் சிலவற்றிற்கு எடுத்துச் சென்றேம். அப்பொழுது கண்டவற்றுள் ஒன்றைக் கூறுதல் பயன்படும். காலையில் இட்டலிக் கொப்பரையைத் திறந்தவுடன் கருவியின் எண் கிடுகிடுவென்று ஏறிற்று. வீட்டார் திகைத்தனர். அஃது ஆவியின் செயல். நீர்த்திவலையையும் கருவி துகள் என்றே எண்ணும். மழைநாளிலும் மூடுபனியிலும் இவ்வாறே மிகுத்துக் காட்டும். ஆதலின் கருவியைக் கொதிக்கும் பாத்திரத்திற்கு அருகில் வைத்தல் ஆகாது. அடுத்துக் கடுகும் மிளகாய் வற்றலும் எண்ணெயிற் பொரிந்த பொழுதும் எண் ஏறிற்று, இவ்வேற்றம் பொய்யன்று. ஆவியால் ஏறிய எண் சிறிது பொழுதில் இறங்கிவிட்டது. தாளிப்பால் ஏறியது எளிதில் இறங்கவில்லை. விறகின்றி எரிவாயுவிற் சமைக்கும் வீட்டிலேயே இவ்வாறு கண்டேம். குறுந்தொகைத் தலைவியின் கண்ணிற் புகுந்தது விறகின் புகை மட்டும் அன்று, தாளிப்பின் புகையும் ஆம் என்று புலவர் கண்ட கூர்மை அன்று எமக்கு விளங்கிற்று.

ஒரு முறை பார்த்து எழுதிய எண்ணாற் பயனில்லை. ஒரு நாள் முழுதும், அரைமணிக்கொரு முறை எண்ணையும், அதன் எதிரே வீட்டில் அப்பொழுது என்ன நடந்தது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். ‘6.30, அடுப்பு மூட்டியது’, ‘7.00, பெருக்கியது’, ‘மாலை 6.00, சாம்பிராணி’, ‘இரவு 9.00, கொசுவர்த்தி’ என்று இவ்வாறு. எண்ணை மட்டும் எழுதினால் அச்சமே மிஞ்சும். செயலையும் எழுதினாற்றான் வழி பிறக்கும்.

படுக்கையறைக்கு வேறொரு சோதனை உண்டு. மக்கள் விடும் மூச்சிற் கரியமில வாயு உளது. வெளிவளியில் இது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. மூடிய அறையிற் பலர் படுத்தால் இஃது ஏறிக்கொண்டே போகும். இவ்வாயு அந்த அளவில் நஞ்சன்று. ஆனால் அறையின் வளி மாறுகின்றதா, பிறர் விட்ட மூச்சையே நாம் மீண்டும் இழுக்கின்றோமா என்பதற்கு இதுவே நல்ல அடையாளம். 1858-இலேயே ஜெர்மனியின் மியூனிக் நகரத்து அறிஞர் மாக்ஸ் வான் பெட்டன்காபர் என்பார் இதனை உணர்ந்து, அறையில் இவ்வாயு பத்து இலட்சத்தில் 1,000 பங்கிற்கு மேற்படலாகாது என்று வரையறுத்தார். இன்று இதனைக் காட்டும் கருவியும் எளிதிற் கிடைக்கின்றது. குளிர்சாதனம் பொருத்திய அறைகளில் இச்சோதனை இன்றியமையாதது. சுவரில் மாட்டும் குளிர்சாதனம் வெளியிலிருந்து புதுவளியைக் கொணர்கின்றது என்று பலர் நம்புகின்றனர். கொணர்வதில்லை, உள்ளிருக்கும் வளியையே சுழற்றிச் சுழற்றிக் குளிர்விக்கின்றது. தாயும் தந்தையும் இரண்டு குழந்தைகளும் கதவடைத்து உறங்கும் அறையில் விடியற்காலை எண்ணைப் பார்த்தார்க்கு இதன் மெய்ம்மை தெரியும்.

கணக்கில் விருப்பமுடையார்க்கு ஒரு குறிப்பு. எல்லாரும் அறையை விட்டு வெளியேறிய பின் கருவியை மட்டும் உள்ளே விட்டு, கரியமில வாயு குறையும் வேகத்தைப் பார்க்கலாம். எழும்பொழுது 1,620 இருந்தது என்க. வெளியளவு 420-ஐக் கழித்தால் மிகை 1,200. அம்மிகை பாதியாகி 600 ஆக, அதாவது கருவி 1,020 காட்ட, எத்துணை நேரம் ஆயிற்று? 20 நிமிடம் ஆயின், அவ்வறையின் வளி மணிக்கு இரண்டு முறை மாறுகின்றது என்று கொள்ளலாம். 2 மணி ஆயின், மூன்று மணிக்கொரு முறையே மாறுகின்றது. 0.69 என்னும் எண்ணை, பாதியாதற்கு ஆன மணியால் வகுத்தல் இதன் சூத்திரம். சாளரத்தை நான்கு விரற்கடை திறந்து வைத்து மறுநாளும் இதனைச் செய்து பார்த்தால், திறந்த நான்கு விரற்கடையின் பெருமை புலனாகும்.

கார்பன் மோனாக்சைடுக்கு எண் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. ஒலியெழுப்பும் எச்சரிக்கைக் கருவியே தக்கது. குளியலறைக்குள் எரிவாயு வெந்நீர்க் கருவி வைத்திருப்போர் அதனை வெளிச்சுவருக்கு மாற்றுதல் வேண்டும். இதில் வாதத்திற்கு இடமில்லை.

கருவியை எங்கே வைப்பது என்னும் வினா சிறிதன்று. பொருளின் உயிர்நிலையே அதுதான். கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்தால் கூடத்து வளியை அறியலாம். அடுப்பருகே நிற்பவள் மூச்சை அறிய முடியாது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் கிர்க் ஸ்மித் குஜராத்துச் சிற்றூர்களில் ஆய்வு செய்தபொழுது, சமைக்கும் மகளிர் உடலிலேயே கருவியைப் பொருத்தி அளந்தார். வீட்டின் மாசு ஒன்று, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இழுக்கும் மாசு வேறொன்று என்பது அதனால் தெளிவாயிற்று. ஒரே கூரையின் கீழ்த் தந்தைக்கு ஒரு வளி, தாய்க்கு ஒரு வளி, தாயின் இடுப்பிலுள்ள குழந்தைக்கும் அத்தாயின் வளியே.

இம்முறையில் நடந்த பெரியதோர் ஆய்வில் நம் தமிழ்நாட்டு ஊர்களும் பங்கு கொண்டன. குவாத்தமாலா, இந்தியா, பெரு, ருவாண்டா என்னும் நான்கு நாடுகளில், 2018 முதல், விறகு முதலியவற்றாற் சமைக்கும் ஏறத்தாழ 3,200 கருவுற்ற மகளிரைத் தெரிந்து, பாதிப் பேர்க்கு 18 திங்கள் எரிவாயுவும் அடுப்பும் விலையின்றிக் கொடுத்தனர். மற்றையோர் தம் பழைய அடுப்பிலேயே சமைத்தனர். இந்தியப் பகுதிக்கு விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டத்து ஊர்களே களம். நடத்தியோருட் சென்னை போரூர் இராமச்சந்திரா நிறுவனத்தார் முதன்மையானவர். பங்குகொண்ட மகளிர் சிறு மேற்சட்டையிற் கருவியை அணிந்து நாள் முழுதும் நடமாடினர். விளைவு என்னை? பழைய அடுப்பினர் இழுத்த துகளின் அளவு 70 மைக்ரோகிராமை ஒட்டியும், எரிவாயு பெற்றோரது 24-ஐ ஒட்டியும் நின்றது. மூன்றில் ஒரு பங்காயிற்று! இனிக் குழந்தைகள் கொழுகொழுவென்று பிறக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். 2022-இல் வெளிவந்த முடிவோ வேறு. இரு திறத்துக் குழந்தைகளின் பிறப்பு எடையிலும் இருந்த வேறுபாடு 20 கிராம் அளவே. அது தற்செயலாலும் வரக்கூடியது. ஓராண்டிற்குட்பட்ட குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2024-இல் அறிவித்தனர்.

இதனைக் கேட்டவுடன், ‘பார்த்தீர்களா, விறகினால் ஒன்றும் இல்லை’ என்று மகிழ்வார் சிலர் உளர். யாம் அவரோடு உடன்படேம். எரிவாயு அம்மகளிர்க்குக் கிடைத்தது கருவுற்றுச் சில திங்கள் கழிந்த பின்னர். 24 என்பதும் உலக சுகாதார நிறுவனத்தாரின் அளவை விஞ்சியதே. முப்பது ஆண்டு அடுப்பூதியவளுடைய நெஞ்சும் இதயமும் அடையும் கேட்டை 18 திங்கள் ஆய்வு காட்டவும் மாட்டாது. ஆயினும் இம்முடிவை மறைத்துவிட்டுப் புகைக்கு எதிராகப் பேசுதல் நேர்மையன்று. எம் கருத்தில் அது கற்பிப்பது ஒன்று: எரிவாயு அடுப்பு ஒன்று வந்தமையால் மட்டும் வீட்டு வளி தூயதாகிவிட்டது என்று கண்ணை மூடிக்கொள்ளலாகாது. எஞ்சிய 24 எங்கிருந்து வந்தது? அண்டை வீட்டு அடுப்பினின்றும், குப்பை கொளுத்தும் தெருமுனையினின்றும், சாலையினின்றும் பிறவற்றினின்றும் வந்தது. வளிக்கு வேலி இல்லை.

மாசு குறைக்கும் வழிகளுட் புகையைப் பிறப்பியாமையே தலையாயது, பிறந்ததை வெளியேற்றுதல் அடுத்தது, வடிகட்டுதல் கடைசி. பலரும் இதனைத் தலைகீழாகச் செய்து, முதலிற் கருவி வாங்கிப் பின்னர்ச் சாளரத்தை நினைக்கின்றனர்.

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட வீடுகள் தூய எரிபொருளாற் சமைப்பன. இது பெருமைக்குரியதே. எனினும் அவ்வீடுகளின் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தல் வேண்டும். உறவினர் வீடொன்றில் எரிவாயு அடுப்பு உள்ளே பளபளத்தது. பின்கட்டிற் சீமைக்கருவேல விறகும் தென்னம்பாளையும் அடுக்கியிருந்தன. அதன் மேற் செப்புக்குடம் கரிபிடித்துக் கிடந்தது. “ஏன் பாட்டி, கேஸ் இருக்கையில் விறகு எதற்கு?” என்றேம். “ஆறு பேர் குளிக்கிற வெந்நீருக்குக் கேஸை எரிச்சா மாசக் கடைசிக்கு யார் தம்பி சிலிண்டர் வாங்கிக் குடுப்பா?” என்றார் அவர். இவ்விடைக்கு மறுவிடை எம்மிடம் இல்லை. 2016 மே முதல் நாளில் உத்தரப்பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலாத் திட்டத்தினால் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்கு இணைப்புச் சென்றது; இரண்டாம் உருளை வாங்கும் காசு எல்லா வீட்டிலும் இல்லை. பாட்டியாரின் கணக்கில் ஒரு திருத்தம் மட்டும் சொன்னேம்: பின்கட்டின் அடுப்பு படுக்கையறைச் சாளரத்தின் நேர்கீழ் இருந்தது, அதனைக் காற்றுப்போக்கு நோக்கி மதிலோரம் மாற்றினோம். விறகு அதே விறகு, செலவு ஒன்றுமில்லை. மறுநாட் காலை கருவியை அப்படுக்கையறையில் வைத்து, ஏறாத எண்ணை அவருக்கே காட்டினோம்.

புகைபோக்கி அடுப்பின் வரலாறு நம்மவர்க்குச் சுவையானது. ஐதராபாத்துப் பொறியாளர் எஸ். பி. ராஜு, களிமண்ணால் ஆன புகையில்லா அடுப்பொன்றை வகுத்து, இலட்சோபலட்ச மக்களுக்குப் புகையற்ற அடுக்களை என்னும் கருத்துப்பட ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூலை 1953-இற் சென்னைக் கிறித்தவ இலக்கியச் சங்கத்தாரே வெளியிட்டனர். பின்னர் 1983 முதல் 2002 வரை இந்திய அரசினர் மூன்று கோடிக்கு மேற்பட்ட திருந்திய அடுப்புகளைப் பரப்பினர். அவற்றுட் பல விரைவிற் கெட்டன. குழாய் கரியால் அடைபட்டது; அடைத்ததை எடுப்பார் இலர். மேலும், குழாய் புகையை அழிப்பதன்று, இடம் மாற்றுவதே; கூரையை ஒட்டி முடிந்த குழாயின் புகை இறவாணம் வழியே திரும்ப உள்ளே வந்தது. குழாய் வைப்போர் அதனைக் கூரை முகட்டிற்கு மேல் உயர்த்துதலும் திங்கள்தோறும் துடைத்தலும் வேண்டும்.

நகரத்தார் மாட்டும் மின் புகைபோக்கியில் இருவகை உண்டு. ஒன்று புகையைக் குழாய்வழி வெளியே விடும். மற்றொன்று எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, மீதியை அடுக்களைக்கே திருப்பித் தரும். இதனை வாங்குவோர் பெறுவது ஓசையேயன்றி வேறில்லை. வெளிவிடும் வகையையும், அடுப்பு மூட்டுவதற்கு முன்னரே இயக்கி, சமையல் முடிந்த பின்னும் கால்மணி நேரம் ஓடவிடுதல் நன்று. அதற்கும் வசதியில்லையேல் சுவரிற் பதித்த சிறு விசிறி போதும். தாளிக்கும்பொழுது உள்வாயிலைச் சாத்தி வெளிச்சாளரத்தைத் திறத்தலே எல்லார்க்கும் இயன்றது. சாளரத்திற்குக் காலதர் என்பது பழந்தமிழ்ப் பெயர், சிலப்பதிகாரத்தில் வருவது. கால் என்றது காற்று, அதர் என்றது வழி. ஒளிக்கன்று, காற்றுக்கே அதனை அமைத்தனர் என்பது பெயரானே விளங்கும். இன்று நாம் அக்காற்றுவழியின் முன்னே பீரோவை நிறுத்தி வைத்திருக்கின்றோம்!

கொசுவர்த்திச் சுருளைப் பற்றிக் கூறாது விடுதல் தகாது; கல்லூரி விடுதிகளும் இதற்கு விலக்கல்ல. சீனம், மலேசியா நாட்டுச் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு ஒப்பாகும் என்று கண்டது. புகைபிடித்தலைக் கனவிலும் கருதாத பெற்றோர், குழந்தையின் தலைமாட்டில் இச்சுருளை ஏற்றிக் கதவை அடைக்கின்றனர். நம் முன்னோர் கண்ட கொசுவலைக்கு ஒப்பானது இன்னும் பிறக்கவில்லை. அதனைக் கட்டி அவிழ்க்கும் சோம்பலே சுருள் வணிகத்தின் முதலீடு. சாம்பிராணி, ஊதுவத்தி, மெழுகுதிரி ஆகியனவும் புகைக்குரியனவே. வழிபாட்டை விடச்சொல்வார் யார்? ஏற்றும்பொழுது சாளரம் திறந்திருத்தலும், கைக்குழந்தையும் இழுப்பு நோயாளரும் அவ்வறையில் இல்லாதிருத்தலும் போதும்.

வடிகட்டும் கருவி வாங்குவோர் அறையின் அளவிற்கு ஏற்ற ஆற்றலுடையதையே கொள்ளுதல் வேண்டும். அது துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வடிதாளை உரிய காலத்தில் மாற்றாவிடில் அஃது ஒரு விசிறி. இனி, பூந்தொட்டிகள் அறையின் வளியைத் தூய்மை செய்யும் என்னும் நம்பிக்கை ஒன்று பரவியிருக்கின்றது. அடைத்த சிறு பெட்டிக்குள் 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் செய்த சோதனையை வீட்டிற்கும் ஏற்றிச் சொன்னதால் வந்தது இது. 2019-இல் வெளிவந்த மறு ஆராய்ச்சி, இயல்பான காற்றோட்டத்திற்கு நிகராக ஒரு சதுர மீட்டர்த் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று காட்டிற்று. அத்துணைச் செடிகள் வைத்தபின் நாம் வெளியே குடியேற வேண்டியதுதான். அழகுக்கு வைப்போர் தாராளமாக வைக்கலாம்.

இவையனைத்தும் எவர் கையில் உள்ளன என்பதையும் எண்ணிப் பார்த்தேம். அடுப்பருகே நிற்பவர் ஒருவர். உருளைக்கும் விசிறிக்கும் சாளரத்திற்கும் காசு கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர். முன்னவர் இருமிக்கொண்டே ‘ஒன்றுமில்லை’ என்பார். பின்னவர் அச்சொல்லை நம்பிவிடுவார். குறிப்பேட்டின் பயன் இங்கேதான். யாம் சென்ற வீடொன்றில், இருபதாண்டாகச் சொல்லாத குறையை ஒரு நாட்பொழுது எழுதிய எண்கள் சொல்லின. அவ்வீட்டுத் தலைவர் அதனை இரு முறை படித்துவிட்டு, மறுவாரமே கொத்தனாரை அழைத்து அடுக்களைச் சுவரில் வழி திறந்தார். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவ நண்பர்கட்கு இக்கணக்கெடுப்பு ஒரு நாள் வேலை. குடும்பத் தலைவராய் விளங்கும் பழைய மாணவர்கட்கோ அன்றைய மாலையே செயல் செய்யும் அதிகாரமும் உண்டு.

அளப்போர்க்கு இன்னும் ஒன்று. ஆனி ஆடியில், காற்று வீட்டைத் துடைத்துச் செல்லும் காலத்தில், அளந்து மகிழ்ந்தவர், ஐப்பசி அடைமழையில் மீண்டும் அளத்தல் வேண்டும். அப்பொழுது சாளரங்கள் சாத்தியிருக்கும், விறகு ஈரமாயிருக்கும், கொசு மிகுந்திருக்கும், பிள்ளைகள் எல்லாரும் உள்ளேயே இருப்பர். மழையீரத்தாற் கருவி சற்று மிகுத்துக் காட்டுமாதலின், அடுப்பு மூட்டுமுன் காட்டிய எண்ணை முதலிற் குறித்துக்கொண்டு, பின்னர் ஏறிய அளவை மட்டும் கணக்கிற் கொள்க.